எட்டு வயிறுகளும் ஒரு மேற்படியும்

“ஒன்பது” என்கிறார் வயிறு மேடம், யாரைப் பார்த்தும் இல்லை. பேருந்தில் முன் இருக்கைக் குழந்தை தாயின் தோளில் சாய்ந்தபடி, சன்னல் கம்பியைத் தடவிய விரலை வாய்க்குள் விட்டுச் சப்புகிறது. இவர் ஏறியதிலிருந்து இது ஒன்பதாவது தடவை. இறங்குவதற்குள் பன்னிரண்டைத் தொட்டுவிடும். குழந்தையின் அம்மா திரும்பி ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள். “தப்பா நினைக்காதீங்கம்மா, சும்மா எண்ணிட்டு வந்தேன்” என்று இவர் சொல்ல, அந்தப் பெண் குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொள்கிறாள்.

வேலை அப்படி. விஷம் கலந்த மண் குழந்தைகளின் வாய்க்குள் போனால் அதில் எவ்வளவு உடம்பில் சேரும் என்று பார்த்துச் சொல்கிற ஆய்வகத்தில் பதினேழு வருடமாக இருக்கிறார். குழந்தைகள் மண்ணா தின்கின்றன என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், பிடித்துக்கொள்வார். “அள்ளித் திங்க வேணாங்க. கையில ஒட்டினதே போதும். விளையாடிட்டு விரல வாயில வெச்சா ஒரு நாளைக்கு ஒரு சிட்டிகை உள்ள போயிடும். உங்க புள்ளைக்கும் போகுது. சின்ன வயசுல உங்களுக்கும் போயிருக்கு.” கேட்டவர் தன்னையறியாமல் கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார். “சட்டையில துடைச்சா சட்டையில இருக்கும், எங்கயும் போகாது” என்று அதற்கும் ஒன்று சொல்வார்.

மண்ணில் எவ்வளவு ஆர்சனிக் விஷம் இருக்கிறது என்று சொல்ல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இருப்பதில் உடம்பு எவ்வளவை எடுத்துக்கொள்ளும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை. நூறு பங்கு இருந்தால் நூறும் உள்ளே போய்விடாது. “சில பேரு கைய இறுக்கி மூடிப்பாங்க, சில பேரு கேட்டதும் குடுத்துடுவாங்க இல்ல? மண்ணும் அப்படித்தான்” என்பது அவருடைய விளக்கம். எந்த மண் இறுக்கிப் பிடிக்கும், எந்த மண் கொடுத்துவிடும் என்று கண்டுபிடிக்கத்தான் எட்டு வயிறுகளை வைத்திருக்கிறார்.

வயிறு என்றால் பிளாஸ்டிக் குப்பி. மாடிப்படிக்குக் கீழே, சன்னல் இல்லாத ஓர் அறையில் வெந்நீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டிக்குள் ஒரு சக்கரம், சக்கரத்தில் எட்டுக் குப்பிகள். மனித வயிற்றில் என்ன சூடு இருக்குமோ அதே சூடு. என்ன புளிப்பு இருக்குமோ அதே புளிப்பு. புளிப்பு ஒன்றரை என்பார்கள். இந்தக் கணக்கில் எண் சின்னதாக இருந்தால் புளிப்பு கடுமை என்று பொருள், வெறும் தண்ணீர் ஏழு. குப்பிக்கு ஒரு கிராம் மண் போட்டு, அமிலம் ஊற்றி, ஒரு மணி நேரம் தலைகீழாகச் சுற்றவிட்டு வடிகட்டினால், மண்ணிலிருந்து கரைந்து வந்த ஆர்சனிக் வடிநீரில் இருக்கும். பக்கத்து அறையில் மெஷின்காரர் அதை அளந்து சொல்வார். கரைந்தது உடம்புக்குள் போகும். கரையாதது வந்த வழியே போய்விடும். “அதுக்கு மேல கேக்காதீங்க, சாப்பாட்டு நேரம்” என்று இவர் முடித்துக்கொள்வார்.

பெயர் அப்படித்தான் வந்தது. தொலைபேசியில் “வயிறு மேடம் இருக்காங்களா?” என்று கேட்டால், வரவேற்பில் இருக்கும் பெண் சிரிக்காமல் “வயிறு இன்னைக்கு லீவுங்க” என்பாள். இவருக்கும் கோபம் வராது, இவர் அடிக்கிற கிண்டலுக்கு அது உறை போடக் காணாது. மூடி சரியாக இறுகாமல் ஒழுகும் மூன்றாம் குப்பிக்கு எப்போதும் “வயித்தால போகுது.” மண் போடாமல் வெறும் அமிலம் மட்டும் ஊற்றிச் சுற்றவிடும் முதல் குப்பிக்குப் பெயர் வெறும் வயிறு. “வெறும் வயித்துல விஷம் தெரிஞ்சா நம்ம கை சுத்தமில்லன்னு அர்த்தம். அதுக்குத்தான் அது.”

கிண்டல் எல்லாம் வாயோடு சரி. உள்ளே ஆள் சரியான பயந்தாங்கொள்ளி. வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். குழாயை மூடியபின் சொட்டுகிறதா என்று விரலை நீட்டிக் காத்திருப்பார். மண்ணைச் சலிக்கும்போது பக்கத்தில் யாரும் தும்மக்கூடாது. விரலில் ஒட்டுகிற அளவுக்கு மெல்லிய தூள் மட்டும்தான் அவருக்கு வேண்டும். புதிதாக வந்த ஒருவர் கட்டியை இடித்துத் தூளாக்கப் போக, பாய்ந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். “இடிக்காதீங்க! கல்லுக்குள்ள பூட்டிக் கெடக்கறத நீங்க எதுக்குத் தெறந்து விடுறீங்க? குழந்தை என்ன வாயில மாவு மிஷினா வெச்சிருக்கு?”

வீட்டில் இன்னும் மோசம். செருப்பு வாசலோடு நிற்க வேண்டும். துடைப்பம் எடுக்கக்கூடாது, ஈரத்துணிதான். கணவர் பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றுகிறவர். வந்ததும் அவரை முழங்கை வரை கழுவ வைத்துவிட்டுத்தான் உள்ளே விடுவார். “கழுவிக் கழுவி என் கையில ரேகையே போச்சு. நாளைக்கு நான் ஏதாவது திருடினாக்கூடக் கண்டுபிடிக்க முடியாது” என்று அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். “பயம் இல்லாதவங்க இந்த வேலைக்கு வரக்கூடாது” என்பது இவருடைய பதில். இப்படிப்பட்டவரிடம் ஒரே ஒரு அசட்டைதான் இருந்தது. அதுவும் அவருடையது மட்டுமில்லை, அந்த ஆய்வகத்துக்கே உள்ள பழக்கம்.

ஒவ்வொரு தடவை வயிறு சுற்றும்போதும் பதிவேட்டில் ஒரு பக்கம் நிரப்ப வேண்டும். எட்டு வரிசை, பதினொரு கட்டம். எடை, சூடு, நேரம் என்று போய்க் கடைசிக் கட்டம், “சுற்றி முடிந்தபின் புளிப்பு.” முதல் வரிசையில் எண்ணை எழுதிவிட்டு, கீழே அதே எண் வந்தால் “மேற்படி” என்று போட்டு ஒரு வால் இழுத்துவிடுவது வழக்கம். சூடு எல்லாக் குப்பிக்கும் ஒன்றுதான், மேற்படி. நேரம் ஒன்றுதான், மேற்படி. பதினேழு வருடத்தில் புளிப்பும் எப்போதும் ஒன்றரையிலேயேதான் நின்றது. ஆகவே அங்கும் வால் தானாக இறங்கிவிடும்.

இந்த மேற்படிதான் அவரைப் பிடித்துக் குலுக்கியது.

மரப்பலகைகளுக்குப் பூச்சி அரிக்காமல் ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றும் பழைய பட்டறை ஒன்று. பட்டறையை மூடி ஆறு வருடம் ஆகிறது. அதை ஒட்டி நாற்பத்திரண்டு வீடுகள், இரண்டு வரிசையாக. நடுவில் குழந்தைகள் விளையாடுகிற முற்றம். அந்த முற்றத்து மண்ணில் ஆர்சனிக் இருப்பது தெரிந்துவிட்டது. தோண்டி எடுப்பதா, அப்படியே விடுவதா என்று முடிவு செய்ய வேண்டிய அலுவலகம், ஏழு மாதிரிகளை வயிறு மேடத்துக்கு அனுப்பியது. உடம்பில் சேர்வது நூற்றுக்கு நாற்பதைத் தாண்டினால் தோண்டுவார்கள். தாண்டாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள், அப்புறம் யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கப்போவதில்லை.

அந்த நாற்பத்திரண்டில் ஒன்றில் அவருடைய தங்கை இருக்கிறாள், இரண்டு வயதுப் பெண் குழந்தையோடு. ஆய்வகத்தின் தலைவரிடம் இவரே போய்ச் சொன்னார். “அதனால என்ன? யாரு செஞ்சாலும் குப்பி குப்பிதானே” என்று அவர் சொல்லிவிட்டார். குப்பி குப்பிதான். ஆனால் அன்றைக்குக் குப்பிகள் சுற்றிய அந்த ஒரு மணி நேரமும் எண் குறைவாக வரவேண்டும், குறைவாக வரவேண்டும் என்று இவர் உள்ளுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தார். பதினொன்று வந்தது. நூற்றுக்கு வெறும் பதினொன்று!

அன்று மாலையே தங்கை கூப்பிட்டாள். “அக்கா, மத்தவங்க என்ன வேணா சொல்லட்டும். நீ சொல்லு. பாப்பாவ முத்தத்துல விடலாமா?”

“விடு” என்றார் இவர். மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

ஆறு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியச் சாப்பாடு முடிந்து கணவர் வழக்கம்போல் நெஞ்செரிச்சலுக்குச் சோடா உப்புத் தூளைத் தண்ணீரில் போட்டார். பொங்கியது. மடமடவென்று குடித்துவிட்டு ஒரு பெரிய ஏப்பம் விட்டார். “அப்பாடா. உள்ள எரிஞ்சது அப்படியே அணைஞ்சுது.”

தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பினார். “என்ன சொன்னீங்க?”

“எரிச்சல் அணைஞ்சுதுன்னேன்.”

“அதுக்கு முன்னாடி.”

“அதுக்கு முன்னாடி ஏப்பம் விட்டேன். அதுக்கும் இனிமே தடையா?”

தட்டு கையிலிருந்து தொட்டிக்குள் விழுந்தது. அன்றைக்கு அந்த மண்ணில் அமிலத்தை ஊற்றியபோது குப்பிகள் நுரைத்தன. ஏழும் நுரைத்தன. “இது ஏப்பம் விடுதுங்க, நல்லாச் சாப்பிட்டிருக்கு போல” என்று மெஷின்காரரிடம் சொல்லிச் சிரித்ததுகூட நினைவுக்கு வந்தது. சிரிக்கிற விஷயமா அது? பட்டறையை மூடும்போது நாற்றம் போக முற்றமெங்கும் சுண்ணாம்புத் தூளை அள்ளிக் கொட்டியிருக்கிறார்கள், மாதிரியோடு வந்த தாளிலேயே அது எழுதியிருந்தது. சுண்ணாம்பு அமிலத்தைத் தின்னும். புளிப்பு போய்விட்ட குப்பியில் ஆர்சனிக் கரையாது, எண் குறைவாகத்தான் வரும். கணவருக்கு எரிச்சல் அணைந்த மாதிரி குப்பிகளுக்கும் அணைந்திருக்கிறது. ஆனால் குழந்தையின் வயிறு குப்பி இல்லையே. அதில் சுண்ணாம்பு தின்னத் தின்ன அமிலம் மறுபடி ஊறும்.

புடவையைக்கூட மாற்றாமல் ஓடினார். “ஞாயித்துக்கிழமையுமா மேடம்?” என்றார் காவலாளி. “வயித்துக்கு ஏதுங்க ஞாயித்துக்கிழமை” என்று வாய் சொன்னது. கை தவறான சாவியையே மறுபடி மறுபடி பூட்டில் நுழைத்தது. காவலாளியே வாங்கித் திறந்துவிட்டார்.

பதிவேட்டைப் புரட்டினார். கடைசிக் கட்டம். வெறும் வயிறு, ஒன்றரை. அதற்குக் கீழே மேற்படி, மேற்படி, மேற்படி, ஏழு மேற்படி, ஏழு வால். எல்லாம் அவருடைய அழகான கையெழுத்து. மண்ணே போடாத குப்பியில் புளிப்பை அளந்துவிட்டு, மண் போட்ட ஏழு குப்பிகளுக்கும் அதையே எழுதியிருக்கிறார். ஒன்றையாவது தொட்டுப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறவள், குழாயில் விரல் வைத்து நிற்கிறவள், இதை ஏன் பார்க்கவில்லை? பார்க்க விருப்பமில்லை, அதுதான் உண்மை. நல்ல எண் வந்ததும் அதைத் திருப்பிப் பார்க்க மனசு வரவில்லை. “நாசமாப் போறவளே” என்று தன்னையே வாய்விட்டுத் திட்டிக்கொண்டார்.

மிச்சமிருந்த மண்ணை அலமாரியிலிருந்து எடுத்தார். நிறுத்தார், ஊற்றினார், நுரைத்தது. சக்கரத்தை ஓடவிட்டுவிட்டுத் தங்கையைக் கூப்பிட்டார்.

“பாப்பாவ முத்தத்துல விடாத.”

“ஏங்க்கா? நீதானே விடுன்ன?”

“இப்ப விடாதங்கறேன்.”

“என்னக்கா ஆச்சு?”

சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. இன்னும் அளக்கவே இல்லையே, ஒருவேளை ஒன்றுமில்லாமல் இருந்துவிட்டால் என்று ஒரு நப்பாசை குறுக்கே வந்து நின்றது. “காத்து ஒரு மாதிரி இருக்கு. சளி பிடிக்கும்” என்று சொல்லி வைத்துவிட்டார்.

மணி அடித்துச் சக்கரம் நின்றது. இந்தத் தடவை ஒவ்வொரு குப்பியிலும் புளிப்பு அளக்கும் கருவியின் முனையை விட்டுப் பார்த்தார். வெறும் வயிறு ஒன்றரை. இரண்டாவது, நாலு புள்ளி மூன்று. மூன்றாவது, நாலு புள்ளி ஒன்று. எட்டாவது வரை எதுவும் நாலுக்குக் கீழே இறங்கவில்லை. முக்காலியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாற்பத்திரண்டு வீடு, வீட்டுக்கு ஒன்று இரண்டு என்று குழந்தைகள், ஆறு வாரம், நாளுக்கு ஒரு சிட்டிகை. அவருக்கு எண்ணத்தானே தெரியும், எண்ணிக்கொண்டே இருந்தார். ஒரு நாளில் எதுவும் ஆகிவிடாது, அது அவருக்கு நன்றாகத் தெரியும். இது வருடக்கணக்கில் சேர்ந்து, குழந்தை வளர்ந்து பெரியவளானபின் தோலிலும் ஈரலிலும் கணக்குத் தீர்க்கிற சரக்கு. கோப்பை வருகிற வெள்ளிக்கிழமை மூடப்போகிறார்கள் என்பதும் தெரியும். எழுந்து, மறுபடி மண்ணை நிறுத்தார். இந்தத் தடவை கால்மணிக்கு ஒரு முறை சக்கரத்தை நிறுத்தி, குறைந்த அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, புளிப்பை ஒன்றரையிலேயே பிடித்து வைத்தார். வடிகட்டி, மெஷின்காரரின் மேசையில் வரிசையாக வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். கணவர் ஏதோ கேட்டதற்கு ஏதோ சொன்னார்.

திங்கட்கிழமை பத்தரை மணிக்கு மெஷின்காரர் தாளோடு வந்து நின்றார். “மேடம், முன்னாடி பதினொண்ணு. இப்ப அம்பத்தெட்டு. குப்பி ஏதாவது மாறிடுச்சா?”

“குப்பி சரியா இருக்கு. ஆளுதான் சரியில்ல” என்றார் இவர். அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் தாளை வைத்துவிட்டுப் போனார்.

தலைவர் நல்ல மனிதர். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகத்தான் பேசினார். “மறு ஆய்வில் திருத்தம்னு ஒரு வரி போட்டு அனுப்பிடுவோம். காரணமெல்லாம் எதுக்கு? தங்கச்சி வீடு வேற அங்க இருக்கு. வேணும்னே கொறைச்சுக் காட்டினீங்கன்னு பேசுவாங்க. இப்ப வேணும்னே ஏத்திக் காட்டறீங்கன்னும் பேசுவாங்க.”

“பேசட்டும் சார். காரணம் எழுதலன்னா என்ன பண்ணுவாங்க தெரியுமா? ரெண்டு எண்ணையும் கூட்டி ரெண்டால வகுப்பாங்க. முப்பத்தஞ்சு வரும். நாப்பதுக்குக் கீழ, பிரச்சினை இல்லன்னு கோப்ப மூடிடுவாங்க.”

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். அந்த அலுவலகம் அதைத்தான் செய்யும் என்று அவருக்கும் தெரியும்.

இவர் அங்கேயே உட்கார்ந்து எழுதினார். “ஏழு மாதிரிகளுக்கும் புளிப்பை அளக்காமல் மேற்படி என்று எழுதியது என் தவறு. முதல் அறிக்கையில் உள்ள பதினொன்று என்ற எண் செல்லாது. அதை எந்தக் கணக்கிலும் சேர்க்கக்கூடாது.” கையெழுத்துப் போட்டுத் தலைவரிடம் நீட்டினார். அவர் இரண்டு முறை படித்துவிட்டு, கீழே தன் கையெழுத்தையும் போட்டார். அரை நாள் விடுப்பு கேட்காமலே கிடைத்தது.

நண்பகல் வெயிலில் முற்றம் பளிச்சென்று இருந்தது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த தங்கை திரும்பிப் பார்த்தாள். “வாக்கா! என்ன வேலை நேரத்துல?” அவள் காலடியில், வெறும் மண்ணில், குழந்தை சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தது. முழங்கால் வரை மண். கன்னத்தில் மண்.

“விடாதன்னு சொன்னேனேடி!”

“சளி பிடிக்கும்னுதானே சொன்ன? இன்னைக்குத்தான் வெயில் நல்லா அடிக்குதே, அதான் விட்டேன்.”

வயிறு மேடம் பையைக் கீழே போட்டார். அப்படியே மண்ணில் குந்தினார். “சளி இல்லடி. அது பொய். நான் தப்புப் பண்ணிட்டேன். மண்ணு சரியில்ல. அன்னைக்கு விடுன்னு சொன்னேன் பாரு, அதுவே தப்பு. அளக்காம எழுதிட்டேன். எல்லாத்தையும் தோண்டச் சொல்லி இன்னைக்கு எழுதிக் குடுத்துட்டு வரேன்.”

தங்கையின் கையிலிருந்த ஈரத்துணி சொட்டிக்கொண்டிருந்தது. அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் இவர் தாங்கியிருப்பார். “ஆறு வாரம் ஆச்சேக்கா” என்று மட்டும் சொன்னாள். “தினம் விட்டேன். நீ சொன்னன்னு தினம் விட்டேன்.”

பெரியவர்கள் பேச்சை நிறுத்தியதும் குழந்தைக்குத் தன் வேலை நினைவுக்கு வந்தது. மடியில் கிடந்த பாதி பிஸ்கட்டை எடுத்தது. எச்சிலில் நனைந்து, மண்ணில் புரண்டு, அது பிஸ்கட் என்று சொன்னால்தான் தெரியும். வாய்க்குக் கொண்டுபோனது.

“வேணாம்!” என்று அக்காவும் தங்கையும் ஒரே குரலில் அலறினார்கள்.

குழந்தை திடுக்கிட்டு நிறுத்தியது. உதடு பிதுங்கியது. அழுவதா என்று ஒரு நொடி யோசித்து, பிஸ்கட்டைப் பார்த்து, கை நீட்டிக்கொண்டிருந்த பெரியம்மாவைப் பார்த்தது. இவ்வளவுதானா, உனக்கும் வேண்டுமா என்பதுபோல் அதன் முகம் தெளிந்தது. எழுந்து தத்தித் தத்தி வந்து, பிஸ்கட்டை அவர் உதட்டருகில் கொண்டுபோய் நீட்டியது.

“பெரிம்மாக்கு. ஆ காட்டு.”

“அக்கா, அது மண்ணுக்கா!” என்றாள் தங்கை.

வயிறு மேடம் வாயை அகலத் திறந்து அதை முழுசாக வாங்கிக்கொண்டு, நறநறவென்று மென்று விழுங்கினார்.